நனையாத கேமரா

மழையில் படம் எடுப்பது என்று நான் முடிவு செய்தபோது மதுரையில் மழையே இல்லை. வைகைக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வில்லாபுரத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. அதையும் விடாமல் பிடிப்பதற்குக் குடங்கள் வரிசையில் நின்றன. அப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு வாரப் பத்திரிகை ‘மழை’ என்ற தலைப்பில் புகைப்படப் போட்டி அறிவித்தது. கிண்டலாக அறிவித்தார்களோ, வேண்டுதலாக அறிவித்தார்களோ தெரியாது. நான் அதை எனக்கு நேரில் வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் முத்திருளன். தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். உத்தரவு போடுகிற வேலை இல்லை, வருகிற உத்தரவுகளுக்கு நம்பர் போடுகிற வேலை. வீட்டிலும் ஏறக்குறைய அதே பதவிதான். என் மனைவி அன்னக்கொடி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்தவேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. சத்தம் போடுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். பதிலுக்கு நாமும் சத்தம் போடலாம். “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறவளை என்ன செய்வது? அந்த வார்த்தைக்குப் பிறகு என் இஷ்டம் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

கேமரா வந்தது பக்கத்து வீட்டு சுலைமான் மூலம். அவர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, நாலு படம் எடுத்து, நாலு பேருக்கும் தலை இல்லாமல் போனதால் வெறுத்துப்போய் என்னிடம் தள்ளிவிட்ட ஜப்பான் கேமரா அது. கனமாக, கறுப்பாக, தோல் உறை போட்டு, பார்ப்பதற்கு மரியாதையாக இருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். வேறு எப்போதும் வருவதில்லை.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் பேயாண்டி. எழுமலையில் விவசாயம். மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்னக்கொடி ஒரே மகள். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. காரணம், ஓர் ஆட்டுத் தொடை.

அவர் ஊர்க் கோயிலில் கிடாவெட்டு. தொடைக்கறி மாப்பிள்ளைக்கு என்று தனியாக எடுத்து வைத்திருப்பதாகப் பந்தியில் உட்காரும் முன்பே நாலு பேர் என் காதில் போட்டார்கள். மாமனாரே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறி வந்தார். என் இலைக்கு முன்னால் நின்றார். குனிந்தார். தொடையை எடுத்தார். எனக்கு அடுத்த இலையில் வைத்தார். என் இலையில் இரண்டு நெஞ்செலும்பு விழுந்தது. அடுத்த இலைக்காரர் உர மூட்டை விற்க வந்தவர். யாரோ கைகழுவிவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள் என்று உட்கார்ந்தவர். அந்த மனுஷர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் தின்றார். ஊரே பார்த்தது.

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பஸ் நிற்குமிடத்தில் நின்றுகொண்டு, இனிமேல் எழுமலை மண்ணை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தேன். அன்னக்கொடியும் ஓர் எருமை மாடும் சாட்சி. எருமை தலையை ஆட்டியது. அன்னக்கொடி, “சரி, உங்க இஷ்டம்” என்றாள்.

அதற்கப்புறம் மாமனாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அன்னக்கொடி தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மதுரையில் ஆப்பரேஷன் செய்தால் பார்வை வந்துவிடுமாம். நம் வீட்டில் இருந்து செய்துகொண்டு போகலாம். நான் நேரில் வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதுமாம். வரவேண்டாம் என்று யார் சொன்னது, கதவு திறந்துதானே கிடக்கிறது என்றேன். அதை அங்கே போய்ச் சொன்னாள். மாப்பிள்ளை கூப்பிடாமல் மகள் வீட்டில் போய்ப் படுக்கிற அளவுக்குத் தான் நாதியற்றுப் போகவில்லை என்று அவர் சொன்னாராம். அதை இங்கே வந்து சொன்னாள். நானும் ஒன்று சொன்னேன். இப்படியே எழுமலைக்கும் வில்லாபுரத்துக்கும் நடுவில் கொஞ்ச நாள் நடந்தாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நான் நிம்மதியானேன். இப்போது நினைத்தால், பெண்கள் ஒரு பேச்சை விடுவதற்கும் விவசாயி விதையை மண்ணில் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது. வராமல் இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வந்தது.

முதல் நாளே கேமராவை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் தல்லாகுளத்து ரோட்டோரமாக நின்றேன். அருமையான காட்சி. கறுப்புக் கோட்டு வக்கீல்கள் கேஸ் கட்டுகளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் கட்சிக்காரர்கள், தங்கள் தலையெழுத்தே நனைகிறதே என்ற பதைப்பில் ஓடினார்கள். படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. இடது கையில் குடை. வலது கையில் கேமரா. தூரத்தைச் சரிசெய்ய இன்னொரு கை வேண்டும். ஆண்டவன் அங்கேதான் கஞ்சத்தனம் செய்துவிட்டான். குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். காற்று குடையை மேல்நோக்கித் திருப்பியது. குடை புனல் ஆகி, அத்தனை மழையும் காம்பு வழியாக என் சட்டைக்குள் இறங்கியது. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குள் ஓடினேன். படம் ஒன்றும் எடுக்கவில்லை. தொண்டை மட்டும் அன்றைக்கே கட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி முதலில் கேமராவை வாங்கினாள். உறையைக் கழற்றி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். அடுப்புச் சூடு லேசாகப் படுகிற தூரத்தில் ஒரு மணையில் வைத்தாள். இரண்டு முறை புரட்டிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் வாசலில் சொட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

“மனுசன் நனைஞ்சா சளி பிடிக்கும். மிளகு ரசம் வச்சுக் குடுக்கலாம்,” என்றாள். “இது நனைஞ்சா எந்த ரசத்தை ஊத்துறது?”

அன்றைக்கு எனக்கு ரசம் கிடைத்தது. கேமராவுக்குச் சிறை கிடைத்தது. இரும்பு பீரோவுக்குள் அது போனது. பீரோ சாவி அவள் இடுப்புக்குப் போனது. மழை விடுகிறவரை கேமரா வெளியே வராது என்றாள். மழை விட்ட பிறகு மழையை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். நனையாமல் எடுக்கிற வழி தெரிந்தால் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நியாயமான பேச்சுதான். ஆகவே நனையாத உறை ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று இறங்கினேன். கேமராவை வைத்துச் சோதனை செய்ய முடியாது. அதனால் அப்பளத்தை வைத்துச் செய்தேன். ஒரு பச்சை அப்பளத்தை உறைக்குள் வைத்துக் கட்டி, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, பிரித்துப் பார்ப்பது. அப்பளம் விறைப்பாக இருந்தால் உறை நல்லது. துவண்டு போயிருந்தால் கெட்டது. சைக்கிள் சீட்டு உறை துவண்டது. மழைக்கோட்டின் கையை வெட்டித் தைத்தது துவண்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பையின் வாயைக் கத்தரித்துப் பார்த்ததில் அப்பளத்தோடு ரப்பர் பையும் போனது. அன்னக்கொடி துவண்ட அப்பளங்களையெல்லாம் எடுத்துக் குழம்பில் போட்டு எனக்கே ஊற்றினாள்.

ஒரு நாள் சாயங்காலம் சுலைமான் வீட்டிலிருந்து வந்தவள் கனமான பாலிதீன் பை ஒன்றை மேசைமேல் போட்டாள். பட்டுப்புடவை வைத்து வந்த பையாம். ரவை போட்டு வைக்கலாம் என்று ஜெயினம்புவிடம் கேட்டு வாங்கி வந்தாளாம். ஜெயினம்பு சுலைமானின் மனைவி. அன்னக்கொடிக்கு உடன்பிறவாத தங்கச்சி. ரவை நினைப்பு அத்தோடு அவளுக்குப் போய்விட்டது. பை மேசைமேலேயே கிடந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பளம் வைத்துப் பார்த்தேன். இரண்டு குடம் ஊற்றினேன். எடுத்தால் அப்பளம் மொடமொடவென்று நின்றது.

சுலைமானிடம் பெருமையாகக் காட்டினேன். லென்சுக்கு நேராக ஓர் ஓட்டை போட வேண்டாமா அண்ணே என்று கேட்டார். ஓட்டை போட்டால் அப்புறம் பை எதற்கு என்று கேட்டு அவரை மடக்கினேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். அந்த வாரக் கடைசியில் பின்பக்கம் சுவரோரம் நின்று அன்னக்கொடியும் ஜெயினம்புவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருமிக்கொண்டு படுத்திருந்தேன். எழுமலைக் கண்மாய் பெருகிவிட்டதாம். பஸ்ஸில் வந்த ஊர்க்காரர் யாரோ சொன்னாராம். நாளைக்குள் கலுங்கில் மறுகால் பாய்ந்துவிடும், இத்தனை வருஷம் கழித்து நிறைந்த தண்ணீர் கலுங்குக் கல்லைத் தாண்டி விழுகிறதைப் பார்க்க ஜனம் காத்துக் கிடக்கிறது என்று அன்னக்கொடி சொன்னாள். அப்படியானால் அண்ணனிடம் சொல்லிப் படம் எடுக்கச் சொல்லலாமே என்று ஜெயினம்பு கேட்டாள்.

அதற்கு என் மனைவி சொன்ன பதில் சுவரைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, போர்வையைத் தாண்டி வந்தது.

“நல்லாச் சொன்ன போ. அதுக்கெல்லாம் மழைக்குள்ள நிக்கணும்ல. அதுவும் எழுமலை. அவுக ரோசம் எம்புட்டுன்னு எனக்குத்தான தெரியும். பீரோச் சாவியக் கையில குடுத்துப் போகச் சொன்னாலும் போக மாட்டாக.”

நான் இருமுவதை நிறுத்தினேன். ஒரு மனுஷனைப் பற்றி அவன் பெண்டாட்டி இவ்வளவு நிச்சயமாகப் பேசலாமா? என்னைப் பற்றி எனக்கே அத்தனை நிச்சயம் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெயினம்புவின் சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று இரண்டு பெண்களும் காலையிலேயே டவுனுக்குள் கிளம்பிப் போனார்கள். அவள் போன பிறகு பார்க்கிறேன், ரேடியோவின் மேல் பீரோச் சாவி. அத்தனை காலத்தில் அன்னக்கொடி சாவியை மறந்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஆண்டவன் என் பக்கம் திரும்பிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

சபதம் ஒன்று நடுவில் கிடந்தது. உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் தீர யோசித்தேன். எழுமலை மண்ணை மிதிப்பதில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். இந்த மழையில் மண் எங்கே இருக்கிறது? எல்லாம் சேறு. சேற்றைப் பற்றி நான் எருமையிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. தவிரவும் கண்மாய் சர்க்கார் சொத்து, மாமனார் சொத்து இல்லை. கரையில் ஏறிப் படத்தை எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மாமனார் வீட்டுத் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டேன். உசிலம்பட்டியில் எழுமலை பஸ் மாறும்போது என் மனசாட்சி முழுத் திருப்தி அடைந்திருந்தது.

நான் போன நேரம் மழை வலுத்து, வேடிக்கை பார்த்த ஜனம் கலைந்துவிட்டது. கரைமேல் ஏறினேன். அங்கே கண்டதை என்ன சொல்ல. நான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பார்த்த கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இப்போது மேற்கே மலையடிவாரம்வரை தண்ணீர். மழைத்துளி விழுந்து விழுந்து அத்தனை பரப்பும் கொதிப்பதுபோல் இருந்தது. கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய கலுங்கின்மேல் தண்ணீர் வழுவழுவென்று ஏறி, அந்தப் பக்கம் நுரையாக விழுந்து வாய்க்காலில் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் போட்டி, பத்திரிகை எல்லாம் எனக்குக் கொஞ்சம் மறந்துபோனது என்பதுதான் உண்மை.

கலுங்கின் பக்கத்தில் ஒரே ஓர் ஆள் நின்றார். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். கையில் கம்பு. அவரும் சேர்ந்தால் படம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பைக்குள் இருந்த கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். இன்னும் கிட்டே போய் இன்னொன்று. மூன்றாவதற்குக் குனிந்தபோது அவர் முகத்தைத் திருப்பினார்.

என் மாமனார்.

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவர் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்வை என்மேல் நிற்காமல் தோளைத் தாண்டி எங்கேயோ போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு அடி தூரத்தில் நிற்கிறேன். அவருக்கு நான் தெரியவில்லை.

யாரப்பா அது என்று கேட்டார். மதுரையிலிருந்து படம் எடுக்க வந்ததாகச் சொன்னேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. படமா, இந்த மழையிலா, மிஷின் நனையுமே என்றார். பை போட்டிருப்பதாகச் சொன்னேன். பையெல்லாம் காணாது தம்பி என்று சொல்லிவிட்டு, தலையில் இருந்த கொங்காணியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் மறுத்தேன். அவர் தடவிக்கொண்டே வந்து என் கையைக் கண்டுபிடித்து, கேமராவுக்கு மேலே சாக்கைக் கூரை மாதிரி பிடித்துக்கொண்டார். நரைத்த தலை மழையில் நனைந்தது. நீங்கள் எடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். தல்லாகுளத்தில் எனக்குக் குறைந்துபோன அந்த மூன்றாவது கை அவருடையது.

நான் இரண்டு படம் எடுத்தேன்.  

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “தண்ணி கலுங்கத் தாண்டிருச்சா? எனக்குச் சத்தந்தான் கேக்குது. வெள்ளையா ஏதோ ஆடுது. வேற ஒண்ணும் தெரியலை.”

தாண்டிவிட்டது என்றேன். எம்புட்டு ஒசரம் என்று கேட்டார். ஒரு முழம் இருக்கும் என்றேன். நிறம் எப்படி? செம்மண்ணா, தெளிவா? பாலில் டீத்தூள் விழுந்த நிறம் என்றேன். வாய்க்காலில் நேராகப் போகிறதா, புளியமரத்துப் பக்கம் ஏறுகிறதா? மரத்தின் அடிவரை ஏறியிருக்கிறது என்றேன். கொக்கு வந்திருக்கிறதா? பார்த்தேன். வந்திருந்தது, அதையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கித் தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். அதற்கு பிலிம் தேவைப்படவில்லை.

மதுரையில் கண்ணுக்குப் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.  மகள் மதுரையில்தான் இருக்கிறாள், மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம், தங்கமான மனுஷர் என்றார். தங்கமான மனுஷர் சாக்குக்கு அடியில் நெளிந்தார்.

“தப்பு என் மேலதான் தம்பி. கெடாவெட்டுல அவரு எலையில வைக்கவேண்டிய தொடைய, பக்கத்து எலையில வச்சுட்டேன். அப்பவே கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. வெள்ளைச் சட்டையப் பாத்து வச்சேன். அது வேற வெள்ளைச் சட்டை. கண்ணு தெரியலைன்னு பந்தியில நின்னு எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்தக் கோவம் ஞாயந்தான. இப்பப் போயி, எனக்குக் கண்ணு தெரியலை, என்னைய வச்சுப் பாருங்கன்னு எந்த மொகத்தோட அவரு வீட்டு வாசல்ல நிக்க?”

மழை சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. கிடாவெட்டு முடிந்த நாளிலிருந்து அந்தத் தொடையை நான் மனசுக்குள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். ஆபீசில், பஸ்ஸில், படுக்கையில். ஆட்டுக்கே அது அத்தனை காலம் பயன்பட்டிருக்காது.

“மாமா, நான்தான்,” என்றேன். “முத்திருளன்.”

அவர் கை ஒரு முறை தாழ்ந்தது. உடனே சாக்கை மறுபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“கூப்பிடத்தான் வந்தேன் மாமா. நம்ம வீட்டுக்கு வாங்க. கண்ணைக் காட்டிருவோம்.”

அவர் இன்னொரு கையால் கேமராவைத் தடவிப் பார்த்தார். “மொதல்ல அதை நல்லா மூடுங்க மாப்ள. நனையுது,” என்றார்.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பினோம். கேமரா அவர் மடியில், சாக்குக்குள் இருந்தது. வழி முழுக்க நான் என் பெருந்தன்மையை உள்ளுக்குள் ஒத்திகை பார்த்தேன். உன் அப்பாவை நானே போய் அழைத்து வந்துவிட்டேன், ரோஷம் எனக்குப் பெரிதில்லை என்று அன்னக்கொடியிடம் சொல்லவேண்டிய வாக்கியங்களை வரிசைப்படுத்தினேன். நல்ல வாக்கியங்கள். சபதம் போட்ட வாயாலேயே அதைத் தளர்த்திய மனுஷன் என்று அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றும் யோசித்துவிட்டேன்.

கதவைத் திறந்தவள் அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். முன்னறையில் கயிற்றுக் கட்டில் போட்டு, துவைத்த போர்வை விரித்திருந்தது; வீடு பெருக்குவதற்காக எடுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். கஞ்சியும் துவையலும் மூன்று பேருக்குக் காணும்படி இருந்தது. அவள் கை எப்போதும் தாராளம். என் வாக்கியங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு,” என்றாள். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

கேமராவைப் பற்றி மட்டும் அவள் கேட்கவே இல்லை. திருட்டுத்தனமாகச் சாவியை எடுத்ததற்கு என்ன சமாதானம் சொல்வது என்று பஸ்ஸில் பாதி நேரம் தவித்தது வீணாகிவிட்டது. அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் என்று எண்ணி, சத்தமில்லாமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைப் பழையபடி ரேடியோமேல் வைத்தேன். காலையில் அது அவள் இடுப்பில் இருந்தது.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமனார் கண்ணில் கட்டோடு எங்கள் வீட்டில் இருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் அவரைக் கைப்பிடித்து வாசல்வரை நடத்துவது என் வேலை. கட்டு அவிழ்ந்த பிறகும் உருவங்கள் புகையாகத்தான் தெரிந்தன. கண்ணாடி போட்டால் தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடி வந்ததும் முதலில் என்ன பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். கலுங்கைத்தான் என்றார். அதற்குள் அங்கே தண்ணீர் வடிந்துவிடும் மாமா என்றேன். அதனால்தான் நீங்கள் எடுத்த படத்தில் பார்க்கிறேன் என்றார்.

அதனால் பிலிமை டவுன் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். ஸ்டூடியோக்காரர் கவரைக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கவரைப் பிரிக்கவில்லை. அந்தக் கண்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தேன். இப்படியெல்லாம் எனக்குத் தோன்றுவது அபூர்வம்; தோன்றியபோது அதன்படி நடப்பது இன்னும் அபூர்வம்.

கண்ணாடி வந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் போல் தடித்த கண்ணாடி. போட்டுவிட்டதும் மாமனார் மகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இளைத்துவிட்டாய் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் இளைக்கவில்லை என்றார். சுலைமானும் ஜெயினம்புவும் வந்து நின்றார்கள். நான் கவரை அவர் கையில் கொடுத்தேன்.

முதல் படத்தை எடுத்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. அவர் முகம் வாடியது.

“ஏத்தா,” என்று மகளை மெதுவாகக் கூப்பிட்டார். மாப்பிள்ளைக்குச் செலவும் அலைச்சலும் வைத்தோமே என்ற கூச்சம் குரலில் இருந்தது. “ஆஸ்பத்திரியில இன்னொரு தரம் காட்டிட்டு வந்துருவமா? எனக்கு இன்னமும் புகையாத்தான் தெரியுது.”

நான் படங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைப் புகை. உள்ளே அடைபட்ட ஈரக்காற்று, வெளியே மழைக்குளிர்; பை உள்ளுக்குள் வேர்த்திருக்கிறது. நான் கண் வைத்துப் பார்த்த ஓட்டை வேறு, படம் எடுக்கிற லென்ஸ் வேறு. லென்சுக்கு முன்னால் நடந்தது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கேமராவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. படத்திலும் ஒரு சொட்டு மழை விழவில்லை.

அன்னக்கொடி என் கையிலிருந்து ஒரு படத்தை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. படந்தான் விழுகலை,” என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். படத்தைத் திருப்பி என் கையில் வைத்து, ஆறுதலாகச் சொன்னாள்:

“அதுக்கு ஏன் இம்புட்டு வருத்தப்படுறீக? நான் என்ன, உங்களைப் படம் எடுக்கவா எழுமலைக்கு அனுப்பிவிட்டேன்?”